டாட்டா சொல்லிட்டுப் போங்க!

(அங்கன்வாடி, தொடக்கப் பள்ளிக் குழந்தைகளின் பெற்றோருக்கான உரையின் எழுத்து வடிவம்)



ஜூன் மாதம் பள்ளி திறக்கும் வாரத்தில் நம்ம மதுரையில் எந்தத் தெருவிலும் இந்தக் காட்சியைப் பார்க்கலாம். பள்ளி வாசலில் ஒரு குழந்தை அம்மாவின் முந்தானையைப் பிடிச்சுக்கிட்டு அழும். "நீங்க கிளம்புங்கம்மா, சரியாயிடும்" என்பார் டீச்சர். குழந்தை திரும்பிப் பார்க்காத நேரமா அம்மா நழுவிடுவாங்க. அந்த நழுவுறதைப் பத்தித்தான் இன்னைக்குப் பேசப் போறேன்.

முதலில் ஒரு விஷயம். அழுவது குழந்தையின் குறை இல்லை; வளர்ப்பின் குறையும் இல்லை. ஏறக்குறைய 8 மாதத்தில் பிரிவு பயம் தொடங்கும். 3 வயதுவாக்கில் பெரும்பாலும் குறைந்துவிடும். புதுப் பள்ளி, வீடு மாறுவது, தம்பி தங்கை பிறப்பது, வீட்டில் ஒருவர் இறப்பது போன்ற நேரங்களில் திரும்பவும் தலைகாட்டும். பள்ளியில் சேர்ந்த முதல் சில வாரம் அழுவது இயல்புதான்.

எப்போது கவனிக்கணும்? பயம் 4 வாரத்தையும் தாண்டி நீடித்து, சாப்பாடு, தூக்கம், படிப்பு எல்லாவற்றையும் கெடுக்கும்போது. திங்கட்கிழமை காலையில் வயிறு வலிக்கும், தலை வலிக்கும். ஞாயிற்றுக்கிழமை ஒண்ணும் இருக்காது. அது நடிப்பு இல்லைங்க, பயத்தில் நிஜமாகவே வலிக்கும். "அம்மாவுக்கு ஏதாவது ஆயிடுமோ" என்று திரும்பத் திரும்பக் கேட்பது, தொலைந்து போவது மாதிரி கனவு கண்டு அலறுவது, வீட்டுக்குள்ளேயே நிழல் மாதிரி பின்னால் வருவது, இவையும் அடையாளங்கள். நம்ம வீடுகளில் குழந்தை அம்மா பக்கத்தில் தூங்குவது வழக்கம். அதை மட்டும் வைத்துப் பயப்பட வேண்டாம்.

மதுரையைச் சுற்றியுள்ள ஊர்களில் மல்லிகைப் பூ எடுக்கப் போகும் அம்மாக்கள் பொழுது விடியும் முன்னாடியே கிளம்பணும். மொட்டு விரியும் முன் பறித்தால்தான் மாட்டுத்தாவணி சந்தையில் விலை கிடைக்கும். குழந்தை கண் விழிக்கும்போது அம்மா இருக்க மாட்டாங்க. இதில் அவங்க தப்பு எதுவும் இல்லை. ஆனா முந்தின ராத்திரியே, "நீ எழுந்திரிக்கும்போது அம்மா பூ எடுக்கப் போயிருப்பேன். அப்பத்தா உனக்குப் பால் தருவாங்க. நீ சாப்பிட்டதும் வந்துருவேன்" என்று சொல்லி வைக்கலாம். சின்னப் பிள்ளைக்கு மணிக்கணக்கு தெரியாது. சாப்பாடும் தூக்கமும்தான் அதன் கடிகாரம்.

1952-ல் இங்கிலாந்தில் ஜேம்ஸ் ராபர்ட்சன் என்பவர், மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட 2 வயதுக் குழந்தையைப் பற்றிய படத்தை வெளியிட்டார். அந்தக் காலத்தில் பெற்றோர் கூடவே தங்க அனுமதி இல்லை. குழந்தை அதிகம் அழவில்லை. ஆனால் முகம் வாடி ஒடுங்கிப் போனது. அழுகை நின்றால் பழகிவிட்டது என்று நினைத்தவர்களை அந்தப் படம் யோசிக்க வைத்தது. நம்ம பிள்ளையும் அழாமல், யாரோடும் பேசாமல், விளையாடாமல் ஒதுங்கி இருந்தால் டீச்சரிடம் விசாரியுங்கள்.

சரி, என்ன செய்யலாம்?

• சொல்லாமல் போகாதீர்கள். கட்டிப்பிடித்து, டாட்டா சொல்லி, உடனே கிளம்புங்கள். திரும்பத் திரும்ப வந்து எட்டிப் பார்க்க வேண்டாம்.

• சொன்ன நேரத்துக்குப் போய் நில்லுங்கள். நம்பிக்கை வளர்வது அதில்தான்.

• "அழுதா விட்டுட்டுப் போயிடுவேன்", "போலீஸ் பிடிச்சுக்கும்" வேண்டவே வேண்டாம்.

• கைபேசியைக் கையில் கொடுத்துக் கவனத்தைத் திருப்பிவிட்டு நழுவுவதும் ஏமாற்றுதான். அப்பா வெளியூரிலோ வெளிநாட்டிலோ இருந்தால், தினமும் ஒரே நேரத்தில் வீடியோ காலில் பேசட்டும்.

• அழுகிறதே என்று பள்ளியை நிறுத்திவிடாதீர்கள். நாள் தள்ளத் தள்ள பயம் கூடும். தேவைப்பட்டால் டீச்சரிடம் பேசி, முதல் சில நாள் நேரத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15-ல் நம்ம மதுரை ஆதிமூலம் மாநகராட்சி தொடக்கப் பள்ளியில்தான் தொடங்கியது. அந்தச் சாப்பாட்டு நேரத்தையும் பயன்படுத்தலாம். கொஞ்சம் முன்னாடியே கூட்டிப் போய், ஒரு கூட்டாளி பக்கத்தில் உட்கார வையுங்கள். பிரிவதைவிட "யார்கூட சாப்பிடப் போறோம்" என்பது மனசில் நிற்கும்.

இத்தனைக்குப் பிறகும் பயம் குறையவில்லையா? 14416 என்ற எண்ணுக்கு எந்த நேரமும் கட்டணமின்றி அழைத்து மனநல ஆலோசனை பெறலாம். மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையின் மனநலப் பிரிவிலும் காட்டலாம். யாராவது அடிப்பதாலோ தொந்தரவு செய்வதாலோ குழந்தை பள்ளிக்குப் பயப்படுவதாகத் தெரிந்தால், உடனே 1098-க்கு அழையுங்கள்.

என் அக்கா மகனும் இப்படித்தான் அழுதான். அக்கா நழுவிப் போனவரை தினமும் சண்டை. டாட்டா சொல்லிப் போக ஆரம்பித்த முதல் நாள் அழுகை இன்னும் கூடியது. அக்காவும் வீட்டுக்கு வந்து அழுதாள். ஆனாலும் விடாமல் அதையே செய்தாள். இரண்டாவது வார முடிவில் அவனே கையை ஆட்டி, "சாப்பிட்டதும் வந்துரு" என்று சொல்லிவிட்டு உள்ளே போனான்.

நாளைக்குக் காலையில் நீங்களும் சொல்லிட்டுப் போய்ப் பாருங்க.