வீட்டுத் தமிழும் ஏட்டுத் தமிழும்



இப்பொழுது உங்களோடு பேசிக்கொண்டிருக்கும் இந்தத் தமிழை நான் என் வீட்டில் பேசுவதில்லை. இந்த ஒலிவாங்கியின் முன்னே அமரும்பொழுது, 'வந்துகொண்டிருக்கிறார்கள்' என்று சொல்லுகிறேன். வீடு திரும்பியதும் அதுவே 'வந்துக்கிட்டு இருக்காங்க' என்று ஆகிவிடுகிறது. காய்கறிக் கடையில் நின்று, 'கத்தரிக்காய் என்ன விலைக்குக் கொடுக்கின்றீர்கள்?' என்று நான் வினவினால், கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்ப்பார். நாடகக் கொட்டகையிலிருந்து வேடம் கலைக்காமல் வந்துவிட்டான் போலும் என்று அவர் எண்ணினாலும் வியப்பில்லை. இங்கே அமர்ந்து நான், 'கத்திரிக்கா என்னா வெல?' என்னும் நடையில் இலக்கணம் பேசினாலோ, நீங்கள் வானொலியை நிறுத்திவிட்டு வேறு வேலை பார்க்கப் போய்விடுவீர்கள். இரண்டும் தமிழே. ஆயினும் ஒன்று நிற்கும் இடத்தில் மற்றொன்று நிற்க ஒவ்வவில்லை.

இந்த நிலை நமக்கு மட்டும் உரியதன்று. சார்லஸ் பெர்குசன் என்னும் அமெரிக்க மொழியியல் அறிஞர், 1959இல் வெளியிட்ட கட்டுரை ஒன்றில் இதனை விரிவாக ஆராய்ந்தார். அரபு மொழி, கிரேக்க மொழி, சுவிட்சர்லாந்தில் வழங்கும் ஜெர்மன், ஹெயிட்டி நாட்டு வழக்கு ஆகிய நான்கையும் அவர் எடுத்துக்கொண்டார். ஒரே மக்கள் சொற்பொழிவுக்கும் ஏட்டுக்கும் ஒரு வழக்கையும், அடுப்படிக்கும் அங்காடிக்கும் மற்றொரு வழக்கையும் வைத்துக்கொண்டு வாழ்வதை அவர் எடுத்துக் காட்டினார். நாம் அதனை 'இரட்டை வழக்கு' என்கிறோம். ஏட்டு வழக்கை எவரும் தாய்மடியில் கற்பதில்லை, பள்ளியிலேயே கற்கின்றனர் என்பது அவர் கூறியவற்றுள் ஒன்று. அந்த ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

நம் பண்டை இலக்கண ஆசிரியர்கள் பேச்சைப் பொருட்படுத்தாதவர்கள் என்று சிலர் எண்ணுகின்றனர். அது பிழை. தொல்காப்பியத்தின் பாயிரமே, வழக்கும் செய்யுளும் ஆகிய இரண்டையும் அடிப்படையாகக் கொண்டு அந்நூல் எழுந்தது என்று கூறுகிறது. நன்னூலார் இன்னும் நுட்பமாகச் சென்று, மக்கள் இடத்திற்கேற்பச் சொல்லை மாற்றுவதை மூன்றாக வகுத்தார். நாகரிகம் கருதி மறைத்துச் சொல்வது இடக்கரடக்கல். செத்தார் என்னாமல் துஞ்சினார் என்பதும், சுடுகாட்டை நன்காடு என்பதும் மங்கலம். ஒரு கூட்டத்தார் தமக்குள் மட்டும் வழங்கிக்கொள்வது குழூஉக்குறி. பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்றும், யானைப்பாகர் ஆடையைக் 'காரை' என்றும் வழங்கியதை உரையாசிரியர்கள் காட்டுகின்றனர். சமுதாயம் மொழியை எவ்வாறு வளைக்கிறது என்று இன்றைய பல்கலைக்கழகங்கள் ஆராயும் பொருளின் ஒரு பகுதியை, 13ஆம் நூற்றாண்டிலேயே அவர் சூத்திரத்தில் அடக்கிவிட்டார்.

இவற்றையெல்லாம் நான் வகுப்பில் பாடமாக நடத்தியவன். நடத்தியும் கண் திறவாதவன். அந்தக் கதையைச் சொல்லுகிறேன்.

1978ஆம் ஆண்டு, அப்போதைய தென்னார்க்காடு மாவட்டத்துச் சிற்றூர்ப் பள்ளி ஒன்றில் நான் தமிழாசிரியனாகச் சேர்ந்தேன். ஏழாம் வகுப்பு மாணவர்களை 'எங்கள் ஊர்' என்னும் தலைப்பில் கட்டுரை எழுதச் சொன்னேன். ஒரு மாணவன் இரண்டு பக்கம் எழுதியிருந்தான். 'எங்க வூட்டுக்குப் பின்னால ஒரு கொளம் இருக்கு' என்று தொடங்கியது அது. குளம் நிரம்பும் நாளில் மீன் துள்ளுவதையும், கோடையில் அதே குளத்தின் வெடிப்பில் கால் சிக்கி அவன் தங்கை அழுததையும் எழுதியிருந்தான். அந்த வகுப்பில் எழுதப்பட்ட கட்டுரைகளுள் உயிர் உள்ளது அது ஒன்றே என்பது இன்று எனக்குத் தெரிகிறது. அன்று தெரியவில்லை. கொளம், வூடு, எலை, ஒலகம் என்று சிவப்பு மையால் சுழித்துக்கொண்டே போனேன். அதோடு நின்றேனா? வகுப்பில் உரக்கப் படித்துக் காட்டினேன். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அதன் பின்னர் அவன் இரண்டு பக்கம் எழுதவே இல்லை. துணைநூலில் உள்ள வாக்கியங்களையே எழுத்து மாறாமல் எழுதினான். மறுஆண்டு தேர்வில், தானே ஒரு வாக்கியம் எழுத நேர்ந்த இடத்தில், 'கர்ணன் குடையில் சிறந்தவன்' என்று எழுதிவைத்தான்.

கொடை எவ்வாறு குடையாயிற்று? அவன் ஊர்ப் பேச்சில் மழைக்குப் பிடிக்கும் குடையும் 'கொடை'தான். கொளம் தவறு, குளம் சரி. கொடம் தவறு, குடம் சரி என்று நான் அவனை அடித்துத் திருத்தியிருந்தேன். ஆகவே 'கொ' என்று வாயில் வந்தாலே அது பிழையாகத்தான் இருக்கும் என்று அஞ்சி, சரியாக இருந்த கொடையையும் அவன் திருத்திவிட்டான். இந்த முறை நான் சிரிக்கவில்லை. அந்தப் பிழையை அவனுக்குக் கற்பித்தவன் நானே அன்றோ!

அதன் பிறகுதான் நான் மொழியியல் நூல்களைத் தேடிப் படிக்கத் தொடங்கினேன். அப்போது தெரிந்தது: கொளம் என்பது நாக்குத் திருந்தாதவனின் உளறல் அன்று. அதற்கு விதி உண்டு. சொல்லின் முதலில் இகரமோ உகரமோ நின்று, ஒரே மெய்யை அடுத்து அகரமோ ஐகாரமோ வந்தால், பேச்சில் இகரம் எகரமாகவும், உகரம் ஒகரமாகவும் இறங்கும். இலை எலை ஆகிறது. நிலம் நெலம் ஆகிறது. உடம்பு ஒடம்பு ஆகிறது. வீடு வூடு ஆவதும் அவ்வாறே ஒழுங்குடையது. இதழால் ஒலிக்கும் ப, ம, வ ஆகியவற்றுக்கும், நாவை மடித்து ஒலிக்கும் ட, ண, ள, ழ ஆகியவற்றுக்கும் இடையே அகப்பட்ட உயிர் இதழ் குவிகிறது. பெண் பொண்ணு ஆவதும், பெட்டி பொட்டி ஆவதும், பிள்ளை புள்ளை ஆவதும் இதனாலேதான். பேசு என்பது போசு ஆவதில்லை. ஏனெனில் அங்கே மடிநா ஒலி இல்லை. அந்த மாணவன் இந்த விதிகளுள் ஒன்றையும் மீறவில்லை.

இன்னும் ஒரு செய்தி. நமக்கு இலை என்பது கன்னட நாட்டில் 'எலெ'. நமக்குக் குடை என்பது அங்கே 'கொடெ'. அங்கே ஏட்டிலும் அதுவே. இகர எகரங்களும் உகர ஒகரங்களும் தென்திராவிட மொழிகளில் இவ்வாறு மாறி நிற்பதைப் பத்ரிராஜு கிருஷ்ணமூர்த்தி 1958இல் ஆராய்ந்து எழுதினார். பெங்களூரில் பிறந்திருந்தால் மதிப்பெண் பெற்றிருக்கக்கூடிய உயிரெழுத்துக்காக, என் மாணவன் தென்னார்க்காட்டில் சிரிப்புக்கு ஆளானான்.

அவ்வாறாயின் ஏட்டு வழக்கைக் கைவிட்டுவிடலாமா என்று நீங்கள் கேட்கலாம். அந்த முடிவுக்கு நான் வரவில்லை. தென்னார்க்காட்டுப் பிள்ளையும், நாகர்கோயில் பிள்ளையும், யாழ்ப்பாணத்துப் பிள்ளையும் ஒரே நூலைப் படித்துப் பொருள் கொள்ள முடிவது ஏட்டு வழக்கினால்தான். அதைக் கல்லாதவனுக்கு நூலகத்தின் கதவு பாதி மூடியே இருக்கும். ஆனால் ஒன்றைக் காப்பதற்காக மற்றொன்றைப் பகையாக்கினால் என்ன நேரும் என்பதற்குக் கிரேக்க நாட்டைப் பாருங்கள்.

அங்கே 'தூய நடை' என்று ஒன்றும், 'மக்கள் நடை' என்று ஒன்றும் இருந்தன. 1901இல், அலெக்சாந்திரோஸ் பாலிஸ் என்பவர் விவிலியத்தின் நற்செய்தியை மக்கள் நடையில் பெயர்க்க, ஏதென்சு நகரத்து 'அக்ரோபோலிஸ்' என்னும் செய்தித்தாள் அதை வெளியிட்டது. பல்கலைக்கழக மாணவர்கள், ஆம், உங்களைப் போன்ற மாணவர்களே, மொழிக்கும் சமயத்துக்கும் இழுக்கு நேர்ந்ததென்று தெருவில் இறங்கினர். கலகத்தில் எட்டுப் பேர் உயிரிழந்தனர். அமைச்சரவை வீழ்ந்தது, தலைமை ஆயரும் பதவி துறந்தார். அதன் பின்னர், 1917இல் தொடக்கப் பள்ளிக்குள் மக்கள் நடை வந்தது. ஆட்சி மாறும்போதெல்லாம் பாடநூலின் நடையும் மாறியது. 1967இல் ஆட்சியைக் கைப்பற்றிய படைத்தலைவர்கள் தூய நடையை மீண்டும் தூக்கி நிறுத்தினர். அவர்கள் வீழ்ந்த பிறகே, 1976இல், மக்கள் நடை கல்விக்கு உரிய மொழியாயிற்று. அதற்குள் எத்தனை தலைமுறைப் பிள்ளைகள் வகுப்பறையில் வாய் திறக்க அஞ்சியிருப்பர்!

என் மாணவன் எட்டாம் வகுப்போடு நின்றுவிட்டான். வீட்டில் வறுமை இருந்தது; அதுவே காரணமாக இருக்கலாம். அவ்வாறே இருக்கட்டும் என்று விரும்புகிறேன். ஆனால் உறுதியாகச் சொல்ல என்னால் இயலவில்லை.

அடுத்த ஆண்டிலிருந்து நான் கரும்பலகையின் நடுவே ஒரு கோடு கிழித்தேன். ஒரு பக்கம் வீடு, மறு பக்கம் ஏடு. மாணவர்கள் தம் வீட்டுச் சொற்களைக் கொண்டுவர வேண்டும். ஏட்டில் அது எவ்வாறு எழுதப்படும் என்று அவர்களே எதிரில் எழுத வேண்டும். சிவப்பு மை இல்லை. முதல் நாளே, பின்வரிசையிலிருந்த சிறுமி ஒருத்தி எழுந்தாள். "ஐயா, நெலம் சொல்றோம், வெளக்கு சொல்றோம். ஏன் கெளின்னு மட்டும் சொல்றதில்ல? கிளின்னுதானே சொல்றோம்?" என்றாள்.

நான் விடை சொல்லவில்லை. கண்டுபிடியுங்கள் என்றேன். அரைமணி நேரம் வகுப்பு இரைந்தது. கிளியில் பின்னால் வருவதும் இகரம்தான், அகரம் இல்லை என்று ஒருவன் கண்டான். உடனே முன்வரிசையில் ஒருவன், "அப்படின்னா கிண்ணம் ஏன் கெண்ணம் ஆகல?" என்று மடக்கினான். மணி அடித்துவிட்டது. மறுநாள் காலை, நான் வகுப்பில் நுழைவதற்கு முன்பே, 'நடுவுல ரெண்டு மெய் இருக்கு' என்று யாரோ கரும்பலகையில் எழுதிவைத்திருந்தார்கள். கோட்டுக்கு இடப்பக்கம், வீட்டுத் தமிழிலேயே.