வெர்ப் வர்றதுக்குள்ள கால் கட் ஆயிடுச்சு

இன்னிக்கு கிராமர் பேசப் போறோம். உடனே ஹெட்செட்டைக் கழட்டிடாதீங்க. இது எனக்கு வேலையில் நடந்த ஒரு சின்ன அவமானத்துல இருந்து ஆரம்பிக்கிற கதை.

சென்னையில் என் முதல் வேலை. ஒரு ரிப்போர்ட்டை ராத்திரி 11 மணி வரைக்கும் உட்கார்ந்து முடிச்சிருந்தேன். மறுநாள் கால்ல கிளையன்ட் பக்கத்து மேனேஜர் கேட்டார், "இஸ் த ரிப்போர்ட் டன்?" நான் ஆரம்பிச்சேன்: "எஸ்டர்டே ஈவ்னிங், ஆஃப்டர் யுவர் மெயில் கேம், பிகாஸ் த சர்வர் வாஸ் டவுன்..." அவ்வளவுதான். "ஓகே, ஸோ இட்ஸ் நாட் டன்"னு சொல்லிட்டு அடுத்த ஆள்கிட்ட போயிட்டார். "ஐ ஃபினிஷ்ட் இட் அட் லெவன்" என் தொண்டையிலேயே நின்னுடுச்சு. அடுத்த ரிப்போர்ட் என் கைக்கு வரல.

'எனக்கு இங்கிலீஷ் வராது'ன்னு அதுக்கப்புறம் ரொம்ப நாள் நம்பினேன். கால்ல மியூட்லயே இருப்பேன். ஆனா அந்த வாக்கியத்தை இப்போ திரும்பிப் பார்த்தா, அதுல கிராமர் தப்பு ஒண்ணுமே இல்ல. வெர்ப் மட்டும் லேட்.

தமிழ்ல வினைச்சொல் கடைசியில வரும். எப்போ, எங்க, எப்படி, ஏன் எல்லாம் முதல்ல வரிசையா வந்து நிக்கும். வினை வந்து கதவைச் சாத்தும். அதனால தமிழ் கேக்குறவங்க காத்திருக்கப் பழகினவங்க. இங்கிலீஷ்ல வினை சீக்கிரமே வந்துடும், மத்ததெல்லாம் பெரும்பாலும் அதுக்குப் பின்னால வரும். கேக்குறவங்களும் முதல்ல வினையைத்தான் எதிர்பார்ப்பாங்க.

ஒரு உதாரணம். "நான் நேத்து ஆபீஸ்ல அமைதியா உட்கார்ந்திருந்தேன்." இதுல 'நான்' அப்படியே இருக்கட்டும். மீதியைக் கடைசியில இருந்து படிங்க: உட்கார்ந்திருந்தேன், அமைதியா, ஆபீஸ்ல, நேத்து. இப்போ இங்கிலீஷ்: "ஐ சாட் கொயட்லி இன் த ஆபீஸ் எஸ்டர்டே." சாட், கொயட்லி, ஆபீஸ், எஸ்டர்டே. கண்ணாடியில பார்த்த மாதிரி அப்படியே திரும்பி நிக்குது. எப்படி, எங்க, எப்போ. இங்கிலீஷ்ல வினைக்குப் பின்னால வழக்கமா வர்ற வரிசை இதுதான்.

கண்ணாடியை முழுசா நம்பிடாதீங்க, மூணு இடத்துல அது ஏமாத்தும். முதல்ல, 'இந்த வேலைய ரொம்ப விரும்புறேன்'. இதை அப்படியே திருப்பினா "ஐ லைக் வெரி மச் திஸ் ஜாப்"னு வரும். அது தப்பு. இங்கிலீஷ்ல வினையும் அதோட செயப்படுபொருளும் ஒட்டிக்கிட்டு இருக்கும், நடுவுல அட்வெர்பை சாதாரணமா விடாது. "ஐ லைக் திஸ் ஜாப் வெரி மச்"தான் சரி. ரெண்டாவது, ஆல்வேஸ், ஆஃபன், நெவர் மாதிரி 'எத்தனை தடவை' சொல்ற வார்த்தைகள் பெரும்பாலும் பின்னால போகாம வினைக்கு முன்னாடி நிக்கும்: "ஐ ஆல்வேஸ் கம் எர்லி." மூணாவது, போறது வர்றது பத்திப் பேசினா இடம் முந்திக்கும்: "ஐ வென்ட் டு மதுரை பை டிரெயின்."

இப்போ பெரிய விஷயம், துணை வாக்கியங்கள். "சர்வர் வேலை செய்யாததால", "மெயில் வந்தபோது", "அவர் வருவார்னு". இதுல எல்லாம் -ஆல, -போது, -னு கடைசியில ஒட்டியிருக்கு பாருங்க. இங்கிலீஷ்ல பிகாஸ், வென், தட் எல்லாம் முன்னாடியே வந்து நிக்கும். 1963-ல் ஜோசப் கிரீன்பெர்க் என்ற மொழியியலாளர் 30 மொழிகளை ஒப்பிட்டு ஒரு கட்டுரை வெளியிட்டார். அதுல நம்ம பக்கத்து வீட்டுக் கன்னடமும் உண்டு. வினை கடைசியில வர்ற மொழிகள்ல, 'மேஜை மேல'ன்னு நாம சொல்ற மாதிரி, இடம் காட்டுற சொல்லும் பெயருக்குப் பின்னால வர்றதுதான் பெரும்பாலான வழக்கம்னு அவர் காட்டினார். இங்கிலீஷ்ல அதுவே "ஆன் த டேபிள்". ஆக, இது தனித்தனி விதிகளோட குவியல் இல்ல. ஒரு மொழி வினையை எங்க வைக்குதோ, மத்ததும் பெரும்பாலும் அதுக்கேத்த மாதிரி அமைஞ்சுக்குது.

இது மரியாதை சம்பந்தப்பட்ட விஷயமும்தான்னு நான் நினைக்கிறேன். நாம லீவு கேக்குறதைப் பாருங்க. "சார், அப்பாவுக்கு உடம்பு சரியில்ல, ஊர்ல வேற யாரும் இல்ல, அதனால ரெண்டு நாள்..." காரணத்தைச் சொல்லாம கேட்டா திமிருன்னு நினைச்சுடுவாங்களோன்னு பயம். அன்னிக்குக் கால்ல நானும் பணிவாத்தான் இருந்தேன். அந்தப் பக்கம் அது 'இவன் சாக்கு சொல்றான்'னு கேட்டிருக்கு.

அதுக்காக 'பிகாஸ்' வாக்கியத்தை முன்னாடி வைக்கவே கூடாதுன்னு இல்ல. "ஒய் ஆர் யூ லேட்?"னு கேட்டா காரணத்துல இருந்தே ஆரம்பிக்கலாம். "இஃப்" வாக்கியம் முன்னாடி வர்றது ரொம்ப சகஜம். என்ன கேட்டாங்களோ அதுக்கான பதில் முதல்ல வரணும், அவ்வளவுதான்.

பின்னால வைக்கும்போதும் ஒரு பள்ளம் இருக்கு. அடுத்த வேலைக்கான இன்டர்வியூல நான் சொன்னேன்: "ஐ டிடின்ட் லீவ் பிகாஸ் ஆஃப் த சாலரி." நான் சொல்ல வந்தது, வேலையை விட்டது சம்பளத்துக்காக இல்லன்னு. அவங்க கேட்டாங்க, "ஸோ யூ ஸ்டேய்ட் ஃபார் த மணி?" 'டிடின்ட்' விட்டதை மறுக்குதா, காரணத்தை மறுக்குதான்னு அந்த வாக்கியத்தை வெச்சு மட்டும் சொல்ல முடியாது. பேசும்போது குரல் கொஞ்சம் காப்பாத்தும், மெயில்ல அதுவும் இல்ல. அங்க உடைச்சு எழுதுங்க: "ஐ லெஃப்ட், பட் நாட் பிகாஸ் ஆஃப் த சாலரி."

சரி, இதைப் பழகுறது கஷ்டமா? நாம ஏற்கெனவே செய்யுறதுதான். எழுத்துல வினையைக் கடைசியில வைப்போம். வாய்ல? "முடிச்சுட்டேன்டா, நேத்தே, ராத்திரி 11 மணிக்கு." "நான் வரல, ஏன்னா மழை." ஃப்ரெண்டுகிட்ட ஃபோன்ல அவசரமா பேசும்போது வினை முன்னாடி ஓடி வந்துடுது, மத்தது பின்னாலயே வருது. அந்த 'ஏன்னா' அச்சு அசல் 'பிகாஸ்' நிக்கிற இடத்துலதான் நிக்குது.

இந்த வாரம் ஒண்ணு பண்ணிப் பாருங்க. கால்ல பேசுறதுக்கு முன்னாடி, அதே விஷயத்தை ஃப்ரெண்டுகிட்ட தமிழ்ல எப்படிக் கத்திச் சொல்லுவீங்கன்னு மனசுக்குள்ள ஒரு தடவை சொல்லிப் பாருங்க. "முடிச்சுட்டேன்!" அதை இங்கிலீஷ்ல சொல்லுங்க. சர்வர், மெயில், ராத்திரி 11 மணி, எல்லாம் பின்னால வரட்டும்.

நான் இப்போ அப்படித்தான் பேசுறேன். லீவு கேக்கும்போது மட்டும் இன்னும் அப்பாவோட உடம்புல இருந்துதான் ஆரம்பிக்கிறேன். அதை மாத்திக்கிறதா இல்ல. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்!