கையை உதறும் குழந்தை

(பெற்றோர் கூட்டத்தில் பங்குத் தந்தை ஆற்றிய உரை)



சில மாதங்களுக்கு முன் ஒரு தம்பதியர் என்னைப் பார்க்க வந்தார்கள். வேற்றூர்க்காரர்கள், அவர்கள் அனுமதியோடுதான் இதைச் சொல்கிறேன். நான்கு வயதுப் பெண் குழந்தையைச் சட்டப்படி தத்தெடுத்தவர்கள். "சாமி, ஒரு வருஷமாச்சு. தூக்கப் போனால் உடம்பை விறைத்துக்கொள்கிறாள். தெருவில் போகிறவர் கூப்பிட்டால் ஓடிப்போகிறாள். தலையணைக்கு அடியில் இட்லியை ஒளித்து வைக்கிறாள். திருப்பி விட்டுவிடலாமா என்று கூடத் தோன்றுகிறது" என்று அந்தத் தாய் அழுதார்.

பொறுமையாயிருங்கள் என்று சொல்லி அனுப்பினேன். அது போதாது என்று அன்றிரவே என் மனம் உறுத்தியது. பிறகு மருத்துவர் ஒருவரைக் கேட்டும், சில நூல்களைப் படித்தும் அறிந்ததை உங்களுக்குக் கூறுகிறேன்.

1952-ல் இங்கிலாந்தில் ஜேம்ஸ் ராபர்ட்சன் என்பவர் ஒரு படம் எடுத்தார். சிறு அறுவைச் சிகிச்சைக்காக எட்டு நாள் மருத்துவமனையில் இருந்த இரண்டு வயதுச் சிறுமியின் படம் அது. பெற்றோர் உடன் தங்க அக்காலத்தில் அனுமதியில்லை. அவள் அதிகம் அழவில்லை. ஆனால் வீட்டுக்குப் புறப்படும்போது தாய் நீட்டிய கையைப் பிடிக்க மறுத்தாள். பிரிந்த குழந்தை முதலில் அழும், பிறகு சோர்ந்துவிடும், கடைசியில் யாரும் வேண்டாம் என்பதுபோல் ஒதுங்கிவிடும். அந்த அமைதியைப் பெரியவர்கள் 'நல்ல பிள்ளை' என்று தவறாக எண்ணிக்கொள்கிறார்கள்.

நல்ல பெற்றோர் உள்ள குழந்தைக்கு எட்டே நாளில் இந்த நிலை என்றால், தொட்டிலிலிருந்தே ஆள் மாறி ஆள் பார்த்துக்கொண்ட குழந்தையின் கதி என்ன? ருமேனியா நாட்டுக் காப்பகங்களில் இருந்த 136 குழந்தைகளை 2000-ஆம் ஆண்டுக்குப் பின் ஆராய்ந்தார்கள். பாதிப் பேரைப் பயிற்சி பெற்ற வளர்ப்புக் குடும்பங்களில் சேர்த்தார்கள். அவர்களிடம் பாசப் பிணைப்பு வளர்ந்தது. இரண்டு வயதுக்குள் சேர்ந்தவர்களிடம் அதிகமாக வளர்ந்தது. பிந்தி வந்த குழந்தைக்குக் கதவு மூடிவிட்டது என்று பொருளல்ல. நம் உழைப்பு அதிகம் வேண்டும் என்பதே பொருள்.

ஆகவே, கையை உதறும் குழந்தை நன்றி கெட்டதல்ல. 'இவர்களும் போய்விடுவார்கள்' என்று அனுபவத்தால் கற்றுக்கொண்ட குழந்தை. அந்தப் பாடத்தை வாய்ப்பேச்சால் அழிக்க முடியாது. ஒரே ஆள், ஒரே நேரம், ஒரே விதமாகத் திரும்பத் திரும்பச் செய்வதால்தான் அழியும். உணவு ஊட்டுவதும், குளிப்பாட்டுவதும், தூங்க வைப்பதும் முதலில் தாய் தந்தையரே செய்யட்டும். வெளியே போகும்போது ஒளிந்து போகாதீர்கள். சொல்லிவிட்டுப் போய், சொன்ன நேரத்தில் வாருங்கள். இட்லியை ஒளித்தால் அடிக்காதீர்கள். அவளுக்கென்றே ஒரு டப்பாவில் பலகாரம் வையுங்கள். வலுக்கட்டாயமாக அணைக்காதீர்கள், பக்கத்தில் உட்காருங்கள். கோபம் வந்தாலும் 'திருப்பி அனுப்பிவிடுவேன்' என்ற சொல் மட்டும் வாயில் வரவே கூடாது. தேவையானால் குழந்தை மனநல மருத்துவரிடம் போவதில் வெட்கமில்லை.

உற்றார் உறவினருக்கும் ஒரு வார்த்தை. 'உன்னைத் தவிட்டுக்கு வாங்கினோம்' என்று பிள்ளைகளை வேடிக்கையாகச் சீண்டுகிறோம். அது வேடிக்கையாகப் படாத பிள்ளையும் நம் நடுவே இருக்கலாம். அந்தத் தாயைப் பார்த்து 'வளர்ப்பு சரியில்லை' என்று சொல்லாதீர்கள். ஒரு வேளை சமைத்துக் கொடுங்கள். அவள் சற்றுத் தூங்கட்டும்.

சென்ற மாதம் அந்தக் குழந்தைக்குக் காய்ச்சல். நள்ளிரவில் 'அம்மா' என்று கூப்பிட்டிருக்கிறாள். மறுநாள் பழையபடி விறைத்துக்கொண்டாளாம். ஆனால் அந்தத் தாய் இப்போது என்னிடம், "திருப்பி விடலாமா" என்று கேட்பதில்லை. "இன்னும் எவ்வளவு நாளாகும் சாமி?" என்றுதான் கேட்கிறார். நாள் குறித்துச் சொல்ல என்னால் இயலாது. ஆனால் கேள்வி மாறிவிட்டது. அதுவே பெரிய காரியம்.

இறைவன் உங்கள் இல்லங்களை ஆசீர்வதிப்பாராக.