நாவலும் சித்திரமும்

தலைமையாசிரியனாய் இருந்த நாளில், படக்கதைப் புத்தகங்களைக் கண்டால் பறித்து மேசையறைக்குள் பூட்டியவன் நான். அத்தகையவனை அண்மையில் ஒரு ஜப்பானியக் கதை தடுமாற வைத்தது.

மியா கசுகி என்பார் 2013-ஆம் ஆண்டில் இணையத்தில் எழுதத் தொடங்கிய 'ஹொன்சுகி நோ கெகொகுஜோ' என்னும் மாயப் புனைவு, 2015 முதல் 'லைட் நாவல்' என்னும் வகை நூலாக வெளிவந்தது. சுசுகா என்னும் ஓவியர் அதை மங்காவாக, அதாவது படக்கதையாகத் தீட்டினார். இரண்டையும் ஆங்கில மொழிபெயர்ப்பில் படித்தேன். புத்தகப் பித்துக் கொண்ட கல்லூரி மாணவி ஒருத்தி மாண்டு, வேறோர் உலகில் மைன் என்னும் நோயுற்ற ஐந்து வயதுச் சிறுமியாய்க் கண் விழிக்கிறாள். அங்கே நூல்கள் செல்வர்க்கே உரியவை. ஆகவே தானே நூல் செய்யத் துணிகிறாள்.

நாவலில் மைனே தன் கதையைச் சொல்கிறாள். குரல் வளர்ந்த பெண்ணின் குரல். ஆதலால் உடல் குழந்தையுடல் என்பதை நாம் மறந்துவிடுகிறோம். படம் மறக்க விடுவதில்லை. மரக்கிளையை அவித்து, பட்டையுரித்து, சாம்பலிட்டு வேகவைத்து, அடித்துக் கூழாக்கிக் காகிதம் செய்யும் பகுதியும் அப்படியே. நாவலில் இருமுறை படித்தும் விளங்காதது, படத்தில் நொடியில் விளங்கிற்று.

ஆனால் ஓரிடத்தில் நாவலே வெல்கிறது. எழுதுவதற்கென மைன் சேர்த்து வைத்த மரச்சீவல்களைத் தாய் விறகென்றெண்ணி அடுப்பிலிட்டுவிடுகிறாள். படத்தில் அது ஒரு சிறுமியின் துயரம். பக்கம் பக்கமாய் அவள் எண்ணங்களோடு வாழ்ந்த நாவல் வாசகனுக்கோ, எரிவது இன்னதென்று தெரியும். தாய்மீது குற்றமில்லை என்பதும் தெரியும். அப்பக்கத்தை முடித்ததும், என் மேசையறையில் பூட்டுண்ட புத்தகங்கள் நினைவுக்கு வந்தன. அவற்றுட் சிலவற்றை நான் திருப்பித் தரவேயில்லை.