பழைய ஜீப்பின் இரண்டு நடுக்கம்



தாண்டிக்குடி, பண்ணைக்காடு, கொல்லிமலை என்று மலைத்தோட்டம் உள்ள எந்த ஊருக்குப் போனாலும் ஒரு பழைய ஜீப்பாவது கண்ணில் படும். காப்பி மூட்டை, வாழைத்தார், உர மூட்டை, ராத்திரியில் பிரசவ வலி கண்ட பெண் என்று எல்லாரையும் எல்லாவற்றையும் அதுதான் சுமக்கிறது. அப்படிப்பட்ட வண்டிக்கு வரும் இரண்டு கோளாறுகளைப் பற்றி இன்று பேசலாம் என்றிருக்கிறேன். ஒன்று, நிற்கும்போது எஞ்சின் குலுங்குவது. மற்றொன்று, ஓடும்போது ஸ்டியரிங் உதறுவது.

எங்கள் வீட்டில் உயரமான பானட் வைத்த பழைய பெட்ரோல் ஜீப் ஒன்று உண்டு. சி.ஜே.3பி என்ற அந்த மாடல் 1953-இல் அமெரிக்காவில் வந்தது. எஞ்சின் உயரம் கூடியதால் பானட்டையும் தூக்கிவிட்டார்கள். நம்ம வண்டிக்கு இரண்டு நடுக்கமும் சேர்ந்தே வந்தது. பட்டறையில் காட்டினேன். "எஞ்சின் போச்சுங்க, போர் பண்ணணும். எஞ்சின் ஆடுறதாலதான் ஸ்டியரிங்கும் ஆடுது" என்று சொல்லிவிட்டார்கள். அந்த வருஷத்துக் காப்பிப் பணத்தில் பாதி அதற்கே போய்விடும். சரி, யோசிப்போம் என்று வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்தேன்.

வருகிற வழியில், வத்தலக்குண்டு தாண்டிச் சமதள ரோட்டில், வெறும் வண்டி, பக்கத்தில் வீட்டுக்காரம்மா. ஒரு சின்னப் பள்ளத்தில் சக்கரம் இறங்கி ஏறியது, அவ்வளவுதான். ஸ்டியரிங் இடமும் வலமும் அடித்த அடியில் கை விலகிவிட்டது. பாலத்துச் சுவருக்கு ஒரு முழம் இருக்கும்போது வண்டி நின்றது. அப்படி நேர்ந்தால் என்ன செய்ய வேண்டும் என்பதை முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். பிரேக்கை ஓங்கி மிதிக்காதீங்க. ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்து, ஸ்டியரிங்கை இறுகப் பிடித்து, வேகம் தானாகக் குறைய விடுங்கள். கட்டை விரலைச் சக்கரக் கம்பிக்குள்ளே விடாதீர்கள், முறித்துவிடும்.

இரண்டும் ஒரே நோயா, வேறு வேறா? இதைப் பார்க்கக் காசு வேண்டாம். வண்டியை நிறுத்தி, நியூட்ரலில் எஞ்சினை முறுக்குங்கள். ஸ்டியரிங் உதறவில்லை என்றால் எஞ்சினைக் குற்றம் சொல்லாதீர்கள். சந்தேகம் தீராவிட்டால், ஆளில்லாத சமதள ரோட்டில், உதறல் லேசாகத் தொடங்கும் வேகத்தில் ஒரு நொடி நியூட்ரல் போட்டுப் பாருங்கள். அப்போதும் உதறினால் குறை சக்கரத்துப் பக்கம். இறக்கத்தில் மட்டும் இந்தச் சோதனை கூடாது.

முதலில் எஞ்சின். ஸ்விட்சை அணைத்து, கியர் நியூட்ரலில்தான் இருக்கிறதா என்று பார்த்து, ஹேண்டிலால் மெதுவாகச் சுற்றுங்கள். நான்கு சிலிண்டருக்கும் நான்கு முறை கை தடைபட வேண்டும். ஒன்று மட்டும் வழுக்கிக்கொண்டு போனால் அந்த சிலிண்டரில் வால்வோ ரிங்கோ விடுகிறது. அப்போது டேப்பட் இடைவெளியைப் பார்த்த பிறகுதான் ஹெட்டில் கை வைக்க வேண்டும். எனக்கு நான்கும் சமமாகவே இருந்தது. போர் பண்ணச் சொன்னதை அப்போதே மறந்துவிட்டேன்.

அடுத்து, எஞ்சின் ஓடும்போது ரப்பர் உறை போட்ட குறடால் ஒவ்வொரு பிளக் ஒயராகக் கழற்றி மாட்டுங்கள். நல்ல சிலிண்டர் என்றால் ஒயரை எடுத்ததும் எஞ்சின் இன்னும் தடுமாறும். எடுத்தும் மாற்றமே இல்லை என்றால் அதுதான் வேலை செய்யாத சிலிண்டர். அந்தப் பிளக்கை அடுத்ததற்கு மாற்றுங்கள். கோளாறும் கூடவே போனால் பிளக், போகாவிட்டால் ஒயர். எனக்கு மூன்றாவது ஒயர் வெடித்திருந்தது. பிளக் இடைவெளி 0.030 அங்குலம், பாயிண்ட் இடைவெளி 0.020 அங்குலம். பட்டறையில் முப்பது தவ், இருபது தவ் என்பார்கள். பாயிண்ட் முகம் குழி விழுந்து கருகியிருந்தால் கண்டென்சரையும் மாற்றிவிடுங்கள்.

இன்னொன்று காற்றுக் கசிவு. இந்த எஞ்சினில் காற்று உள்ளே போகும் பாதை ஹெட்டோடு சேர்ந்தே வார்க்கப்பட்டது. அதனால் கார்புரேட்டர் அடி கேஸ்கட், த்ராட்டில் தண்டு, வைப்பர் குழாய் இந்த மூன்றைத்தான் முக்கியமாகப் பார்க்க வேண்டும். ஓடும் எஞ்சினில் அந்த இடங்களில் இரண்டு சொட்டு எஞ்சின் ஆயில் விடுங்கள். எஞ்சின் சத்தம் மாறினால் கசிவு அங்கேதான். சிலர் பெட்ரோல் தெளித்துப் பார்ப்பார்கள். வேண்டாம், தீப்பிடிக்கும். இன்னொரு விஷயம், இப்போது பங்கில் 20 சதம் எத்தனால் கலந்த பெட்ரோல் வருகிறது. பழைய காலத்து ரப்பர் குழாயும் டயாப்ரமும் அதில் ஊறிக் கெட்டுப்போகும், பார்த்து மாற்றுங்கள்.

இனி ஸ்டியரிங். இதில்தான் உயிர் இருக்கிறது.

டயரில் காற்றைச் சரிபார்த்து, முன் சக்கரங்களைப் பின்னுக்கும் பின்னதை முன்னுக்கும் மாற்றிப் பாருங்கள். உதறல் குறைந்தால் டயரோ பாலன்ஸோதான். குறையாவிட்டால் முன் ஆக்ஸிலை ஜாக்கி போட்டுத் தூக்கி, பின் சக்கரத்துக்குக் கல் வையுங்கள். முன் சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் ஒருவரைப் பிரேக் மிதிக்கச் சொல்லுங்கள். மிதித்ததும் ஆட்டம் நின்றால் வீல் பேரிங். நிற்காவிட்டால் கிங் பின் பேரிங். அதில் தேய்மானம் குறைவாக இருந்தால் மேலும் கீழும் சமமாக சிம் எடுத்து இறுக்கலாம். அதிகமென்றால் பேரிங்கை மாற்றத்தான் வேண்டும். பிறகு வண்டியை இறக்கி, ஒருவரை ஸ்டியரிங்கை லேசாக இடவலம் அசைக்கச் சொல்லி, நீங்கள் கீழே படுத்துப் பாருங்கள். டைராடு எண்டு, பெல் கிராங்க், ஸ்பிரிங் சாக்கிள் புஷ் என்று எது அசைவை விழுங்குகிறது என்பது கண்ணுக்கே தெரியும்.

எனக்கு இடது கிங் பின்னில் ஆட்டம் இருந்தது. சிம் எடுத்து இறுக்கியும் உதறல் முழுக்கப் போகவில்லை. ரொம்ப நாள் குழம்பினேன். வாழைத்தார் ஏற்றிப் போகும்போது உதறுவதில்லை, வெறும் வண்டியாகத் திரும்பும்போதுதான் உதறுகிறது. இதைக் கவனித்த பிறகுதான் விளங்கியது. பாரத்துக்காகப் பின்னால் கூடுதல் பட்டை போட்டிருந்தேன். பின்புறம் இரண்டு அங்குலம் உயர்ந்துவிட்டது. இந்த வண்டியின் முன் சக்கர மையத்திலிருந்து பின் சக்கர மையம் 80 அங்குலம்தான். கணக்குப் போட்டால் வண்டி முன்னால் ஒன்றரை டிகிரி சாய்கிறது. கிங் பின் பின்பக்கம் சாய்ந்திருக்க வேண்டிய அளவே 3 டிகிரி. அதில் பாதி போய்விட்டது. அந்தச் சாய்வுதான் சக்கரத்தை நேராகப் பிடித்து வைப்பது. பாரம் ஏற்றினால் பின்புறம் அமுங்கி, சாய்வு திரும்ப வந்துவிடும்.

கூடுதல் பட்டைகளைக் கழற்றினேன், உதறல் நின்றது. ஒரு நடைக்கு எட்டுத் தார் குறைவாக ஏற்றுகிறேன். ஸ்டியரிங் டேம்பர் என்று ஒன்று விற்கிறார்கள், அதைப் போட்டால் சரியாகும் என்பார்கள். தேய்மானத்தைப் பார்க்காமல் அதைப் போட்டால் உதறல் மறையுமே தவிர நோய் போகாது. பட்டையைக் கழற்றியவர்கள் யூ போல்ட்டை நூறு கிலோமீட்டர் ஓட்டிய பிறகு ஒருதரம் மறுபடி முறுக்கிவிடுங்கள்.