தாழ்ந்தவரா, தாழ்த்தப்பட்டவரா?



வெள்ளி விழா மேடையில் ஆங்கில இலக்கணமா என்று சிலர் எண்ணக்கூடும். அவ்விலக்கணத்தின் சிறு நுட்பம் ஒன்றில் நம் வரலாறே அடங்கியிருப்பதால், அதனையே பேசத் துணிந்தோம்.

ஆங்கிலத்தில் ‘ட்ரை’ என்பது பெயருரிச்சொல். ‘ட்ரைடு’ என்பது வினையிலிருந்து பிறந்த இறந்தகால எச்சம். முன்னது ஒரு பொருளின் நிலையைக் கூறும். பின்னது, அந்நிலை ஒரு செயலால் வந்தது என்பதையும் சேர்த்துக் கூறும். நம் சேலம், நாமக்கல் பகுதியின் புன்செய் நிலம் ‘ட்ரை லேண்ட்’. அதனை எவரும் காயவைக்கவில்லை. சேகோ ஆலைக் களத்தில் பரப்பிக் கிளறிக் காயவைத்த ஜவ்வரிசியோ ‘ட்ரைடு’. அச்சொல்லின் பின்னே வெயிலும், உழைத்த கைகளும் நிற்கின்றன.

தமிழில் ‘திறந்த கதவு’ என்னும் தொடர் இரு பொருளுக்கும் இடந்தருகிறது. அதனால் நம் மாணவர், கடை திறந்திருக்கிறது என்பதற்கு ‘தி ஷாப் இஸ் ஓபன்’ என்னாது ‘இஸ் ஓபன்டு’ என்றெழுதி மதிப்பெண் இழக்கின்றனர்.

மதிப்பெண்ணினும் பெரிய இழப்பு ஒன்றுண்டு. சேர்க்கைப் படிவம் நிரப்புகையில், “என்ன வகுப்பு தம்பி?” என்று வினவினால், “தாழ்ந்த சாதிங்க ஐயா” எனத் தலைகுனியும் பிள்ளைகளை நாம் கண்டிருக்கிறோம். ‘தாழ்ந்த’ என்பது ‘லோ’. ‘தாழ்த்தப்பட்ட’ என்பது ‘லோவர்டு’. முன்னது பழியைப் பிறப்பின்மேல் ஏற்றுகிறது. பின்னதோ, தாழ்த்திய கை யாருடையது என்று கேட்கிறது. ‘அன்டச்சபிள்’ என்பதும் பெயருரிச்சொல்லே. குறை நம்மிடம் உள்ளதாகக் காட்டி, தீண்ட மறுத்தவரை அது மறைத்துவிடுகிறது.

எச்சமும் வழக்கில் தேய்ந்தால் இயற்பெயர் போலாகிவிடும். ‘டிப்ரஸ்டு கிளாஸஸ்’ என்பதற்கு அந்நிலை நேர்ந்தது. 1922இல் எம். சி. ராஜா சென்னைச் சட்டமன்றத்தில் கொணர்ந்த தீர்மானத்தால் ‘ஆதி திராவிடர்’ என்னும் பெயர் அரசு ஏற்பைப் பெற்றது. 1931இல் இலண்டன் வட்டமேசை மாநாட்டின்போது டாக்டர் அம்பேத்கரும் இரட்டைமலை சீனிவாசனும், ‘டிப்ரஸ்டு கிளாஸஸ்’ என்னும் பெயர் இழிவு தருவது, அதனை மாற்றுக என்று எழுத்து மூலம் கோரினர். 1935ஆம் ஆண்டின் இந்திய அரசுச் சட்டம் ‘ஷெட்யூல்டு காஸ்ட்ஸ்’ என்றது. அட்டவணையில் சேர்க்கப்பட்டோர் என்பது பொருள். இதுவும் எச்சமே. அட்டவணை காட்டுவது நம் இயல்பையன்று. சமூகம் நமக்குத் தரவேண்டிய உரிமைக் கடனை. ‘தலித்’ என்னும் சொல்லும் வடமொழியில் ‘உடைக்கப்பட்ட’ எனப் பொருள்படும் எச்சமே.

இறுதியாக ஒரு சொல். ஆங்கிலத்தில் ஒரே எழுத்துக்கோவையை ‘லெர்ன்டு’ என ஓரசையாய் ஒலித்தால், கற்கப்பட்டது என்னும் எச்சம். ‘லெர்னெட்’ என ஈரசையாய் ஒலித்தால், கல்வியிற் சிறந்த என்னும் பெயருரிச்சொல். நாள்தோறும் கற்கப்பட்ட பாடமே ஒருவரின் இயல்பாகி, அவரை அறிஞராக்குகிறது. தாழ்வு பிறர் நமக்குச் செய்தது. அது நம் இயல்பாகிவிட இடந்தரலாகாது. கல்வி நாமே நமக்குச் செய்துகொள்வது. அதுவே நம் இயல்பாகட்டும்.

இளைஞர்களே, இனி எவரேனும் வினவினால் ‘தாழ்ந்த’ என்னாதீர். தலைநிமிர்ந்து, இலக்கணப் பிழையின்றி விடை கூறுவீராக!