வீட்டுக் கம்ப்யூட்டரில் நேரடி ஒளிபரப்பு: நிறுவும் முன் பத்து நிமிடம்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



செயற்கை நுண்ணறிவு பற்றிப் பேசுங்கள் என்று சிலர் சொன்னார்கள். நான் எடுத்துக்கொண்டது அதைவிடச் சின்ன விஷயம். வீட்டில் இருக்கும் கம்ப்யூட்டரில் நேரடி ஒளிபரப்புக்கான ஒரு சாஃப்ட்வேரை எப்படிப் பத்திரமாக நிறுவுவது என்பதுதான். இதைப் பேச ஒரு மேடையா என்று கேட்கலாம். கொஞ்சம் பொறுத்துக் கேளுங்கள்.

இந்த அரங்கின் கடைசி வரிசையில் இரண்டு மாணவர்கள் லேப்டாப்போடு உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்கள் புண்ணியத்தில் துபாயிலும் நியூஜெர்சியிலும் உள்ள நம் நண்பர்கள் இந்த விழாவை இந்த நிமிடமே பார்க்கிறார்கள். 1975-இல் சென்னையில் தூர்தர்ஷன் வந்த காலத்தில், ஒரு நிகழ்ச்சியை நேரடியாகக் காட்ட வேண்டுமென்றால் வேன் நிறையச் சாமான்களோடு ஒரு படையே வரவேண்டும். இன்றைக்கு கிரகப்பிரவேசம், கும்பாபிஷேகம், டியூஷன், வீடியோ கேம் என்று எல்லாவற்றையும் வீட்டு மேஜையிலிருந்தே காட்டுகிறோம்.

ஆனால் அந்த மேஜையில் இருப்பது ஒளிபரப்பு நிலையத்துக் கம்ப்யூட்டர் அல்ல. அப்பாவின் பென்ஷன் கணக்கு அதில்தான். அக்காவின் தேர்வு விண்ணப்பம், ஆதார், பான் கார்டு நகல்கள், இருபது வருடப் போட்டோக்கள் எல்லாம் அதில்தான். தம்பி தன் சேனலுக்காக இறக்குகிற புரோகிராமும் அதே வீட்டுக்குள்தான் நுழைகிறது. ஆகவே நிறுவுவது தம்பி ஒருவனுடைய சொந்த விஷயம் இல்லை, குடும்ப விஷயம்.

உதாரணத்துக்கு ஓபிஎஸ் ஸ்டூடியோவை எடுத்துக்கொள்வோம். லெய்ன் பெய்லி என்பவர் தொடங்கி 2012-இல் வெளியிட்டது. முற்றிலும் இலவசம். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். அதன் மூல நிரலை யார் வேண்டுமானாலும் படித்துப் பார்க்கலாம். இவ்வளவு நல்ல சாஃப்ட்வேரில் என்ன ஆபத்து? சாஃப்ட்வேரில் இல்லை, அதைத் தேடிப்போகிற வழியில் இருக்கிறது.

2023 ஜனவரியில் வெளிநாட்டில் ஒருவர், இணையத்தில் பலரும் பின்தொடர்ந்தவர், இதே ஓபிஎஸ்ஸை கூகுளில் தேடினார். முதலில் வந்தது ஒரு விளம்பரம். அசல் தளத்தைப் போலவே இருந்த போலித் தளத்துக்கு அது கொண்டுபோய்விட்டது. இறக்கினார், கிளிக் செய்தார், ஒன்றும் நடக்கவில்லை. ஏதோ கோளாறு என்று விட்டுவிட்டார். பிறகு அவருடைய ட்விட்டர் கணக்கு போயிற்று, டிஜிட்டல் பணம் போயிற்று, அவர் பெயரிலேயே அவருடைய வாசகர்களுக்கு மோசடிக் கடிதங்கள் போயின. 'ஒன்றும் நடக்கவில்லை' என்று அவர் நினைத்த அந்த நேரத்தில்தான் எல்லாம் நடந்துகொண்டிருந்தது.

"எனக்கு ஓடிபி இருக்கே, சார். பாஸ்வேர்டு போனாலும் உள்ளே வர முடியாதே?" என்று மாணவர்கள் கேட்பதுண்டு. நியாயமான கேள்வி. நீங்கள் ஒருமுறை பாஸ்வேர்டும் ஓடிபியும் கொடுத்து ஜிமெயிலுக்குள் போனால், மறுநாள் மறுபடி கேட்பதில்லை அல்லவா? உங்கள் பிரௌசரில் ஓர் அடையாளச் சீட்டு பத்திரமாக இருப்பதுதான் காரணம். அதைக் குக்கி என்கிறோம். சைக்கிள் ஸ்டாண்டு டோக்கன் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். டோக்கனை யார் நீட்டினாலும் சைக்கிளைக் கொடுத்துவிடுவார்கள். இந்தத் திருட்டுப் புரோகிராம்கள் டோக்கனைத்தான் எடுத்துப் போகின்றன. ஓடிபி கேட்கிற கட்டமே வராது.

கனடாவில் லைனஸ் டெக் டிப்ஸ் என்ற யூடியூப் சேனல். கம்ப்யூட்டர் பற்றியே பேசுகிற சேனல், ஒன்றரைக் கோடிக்கு மேல் சந்தாதாரர்கள். 2023 மார்ச்சில் விளம்பரதாரரிடமிருந்து வந்தது போன்ற ஒரு கோப்பை அங்கே வேலை செய்பவர் ஒருவர் திறந்தார். டோக்கன் போயிற்று. திருடர்கள் அந்தச் சேனலிலேயே போலி டிஜிட்டல் பணத் திட்டத்தை நேரடி ஒளிபரப்பு செய்தார்கள். விஷயம் தெரிந்தவர்களுக்கே இந்தக் கதி என்றால், நம் வீடுகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

சரி, என்னதான் செய்வது? வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில், நிறுவத்தான் வேண்டுமா என்று பாருங்கள். ஒரு கேமரா முன்னால் உட்கார்ந்து பேசுவதற்கு யூடியூப் தளத்திலேயே, பிரௌசர் வழியாகவே ஒளிபரப்பலாம். எதையும் இறக்க வேண்டாம். முதல் தடவை அனுமதி கிடைக்க 24 மணி நேரம் வரை ஆகலாம். ஆகவே விழாவுக்கு முந்தின நாளே விண்ணப்பித்துவிடுங்கள். 2025 ஜூலை 22 முதல் 16 வயதுக்குக் குறைந்தவர்கள் பெரியவர் துணையின்றித் தனியாக ஒளிபரப்ப யூடியூப் அனுமதிப்பதில்லை. அதைத் தாண்ட வழி சொல்கிறேன் என்று வருகிற புரோகிராம் எதையும் தொடாதீர்கள்.

இரண்டாவது, எங்கிருந்து இறக்குகிறோம் என்பது. விளம்பரத்தைக் கிளிக் செய்யாமல், தயாரித்தவர்களின் முகவரியை நாமே டைப் செய்ய வேண்டும். ஓபிஎஸ் மைக்ரோசாஃப்ட் ஸ்டோரிலும் கிடைக்கிறது. அந்த வழி பழகாதவர்களுக்கு நல்லது. ஓபிஎஸ்ஸுக்குக் காசு கேட்கிற தளம் எதுவானாலும் வெளியே வந்துவிடுங்கள். இன்னொன்று, தடை செய்யப்பட்ட செயலிகள். 2020 ஜூன் 29 அன்று மத்திய அரசு தடை செய்த 59 செயலிகளில் பிகோ லைவும் ஒன்று. அதைக் கம்ப்யூட்டரில் ஓட்டுவதற்காக முகம் தெரியாத தளங்களிலிருந்து ஏபிகே கோப்புகளை இறக்குகிறவர்கள் இருக்கிறார்கள். அந்தக் கோப்பைச் செய்தவர் யார், இடையில் கை வைத்தவர் யார் என்று கேட்டால் பதில் சொல்ல ஆள் கிடையாது.

மூன்றாவது, இறக்கிய கோப்பைத் திறக்கும் முன் சோதிப்பது. விண்டோஸில் கோப்பின் மேல் வலது கிளிக் செய்து பிராப்பர்ட்டீஸ் போனால், டிஜிட்டல் சிக்னேச்சர்ஸ் என்ற பகுதியில் தயாரித்தவரின் பெயர் இருக்கும். அந்தப் பகுதியே இல்லையென்றாலும், சம்பந்தமில்லாத பெயர் இருந்தாலும் நிறுத்திவிடுங்கள்.

அசல் தளமே கெட்டுப்போனால்? அதுவும் நடந்திருக்கிறது. 2017 மே மாதத்தில் ஹேண்ட்பிரேக் என்ற வீடியோ சாஃப்ட்வேரின் இரண்டு இறக்குமதிச் சர்வர்களில் ஒன்றில் புகுந்து, மேக் கம்ப்யூட்டருக்கான கோப்பை மாற்றி வைத்துவிட்டார்கள். இதற்கும் ஒரு சோதனை உண்டு. ஷா-256 என்பது ஒரு கோப்பின் கைரேகை மாதிரி, 64 எழுத்துகளும் எண்களும் கொண்டது. கோப்பில் ஒரே ஓர் எழுத்து மாறினாலும் ரேகை முழுக்க மாறிவிடும். ஓபிஎஸ் குழுவினர் ஒவ்வொரு பதிப்புக்கும் இதை கிட்ஹப் தளத்தில் வெளியிடுகிறார்கள். விண்டோஸ் பவர்ஷெல்லில் 'கெட்-ஃபைல்ஹேஷ்' என்ற கட்டளை கொடுத்தால் நம் கோப்பின் ரேகை தெரியும். இரண்டும் ஒன்றா என்று பாருங்கள். ரேகையை இறக்கிய இடத்திலிருந்தே எடுக்காமல் வேறு இடத்திலிருந்து எடுப்பது முக்கியம். கோப்பை மாற்றியவன் பக்கத்திலிருக்கும் ரேகையையும் மாற்றியிருப்பான்.

பக்கத்து வீட்டுப் பையன் ஒருநாள் வந்தான். "அண்ணா, ஆன்டிவைரஸை ஆஃப் பண்ணிட்டு இன்ஸ்டால் பண்ணச் சொல்றாங்க. பண்ணட்டுமா?" "வேண்டாம்டா. நாயைக் கட்டிப்போட்டுட்டு வாசலைத் திறந்து வைன்னு ஒருத்தன் சொன்னா, அவன் விருந்தாளியா?" என்றேன். புரிந்துகொண்டான். கட்டண சாஃப்ட்வேரின் 'முழுப் பதிப்பு இலவசம்' என்று வருபவை பெரும்பாலும் இந்த வகைதான். பாஸ்வேர்டு போட்டுப் பூட்டிய ஜிப் கோப்பும் அப்படியே. ஆன்டிவைரஸ் உள்ளே எட்டிப் பார்க்கக் கூடாது என்பதற்காகத்தான் அந்தப் பூட்டு.

நான்காவது, தனி அக்கவுண்ட். விண்டோஸ் செட்டிங்ஸில் அக்கவுண்ட்ஸ் பகுதிக்குப் போய், ஒளிபரப்புக்கென்று சாதாரண யூசர் ஒன்றை உண்டாக்குங்கள். அட்மினிஸ்ட்ரேட்டர் அதிகாரம் வேண்டாம். அதில் ஓடுகிற புரோகிராம், அப்பாவின் அக்கவுண்டில் இருக்கும் கோப்புகளையும் டோக்கன்களையும் சாதாரணமாகத் தொட முடியாது. ஆனால் நிறுவும்போது அட்மின் பாஸ்வேர்டு கேட்கும். அதைக் கொடுத்துவிட்டால் இந்தத் தடுப்புச் சுவர் நிற்காது. அதனால் வீட்டுப் பெரியவர் பக்கத்தில் உட்கார்ந்து, மேலே சொன்ன சோதனைகளை முடித்த பிறகு, தன் கையால் டைப் செய்யட்டும். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது என்பதையும் நினைவில் வையுங்கள்.

ஐந்தாவது, ஒளிபரப்பும்போது கவனம். யூடியூப் தருகிற ஸ்ட்ரீம் கீ என்பது உங்கள் சேனலின் சாவி. அது யார் கையில் இருந்தாலும் உங்கள் பெயரில் ஒளிபரப்பலாம். திரையில் தெரிந்துவிட்டால் உடனே மாற்றிவிடுங்கள், வசதி அங்கேயே இருக்கிறது. ஓபிஎஸ்ஸில் முழுத் திரையையும் காட்டாமல் ஒரு ஜன்னலை மட்டும் காட்டுகிற விண்டோ கேப்சரைப் பயன்படுத்துங்கள். இல்லாவிட்டால் பாட்டுக் கச்சேரி நடுவே அப்பாவின் வங்கிச் செய்தியை ஊரே பார்க்கும்.

கடைசியாகச் சொல்வது மாணவர்களைவிட, பெற்றோராகிவிட்ட என் வயது நண்பர்களுக்கு. இவ்வளவுக்கும் மேலே தப்பு நடக்கலாம். அப்போது உடனே இணைய இணைப்பைத் துண்டிக்க வேண்டும். வேறு ஒரு போனிலிருந்து முதலில் ஈமெயில் பாஸ்வேர்டை மாற்ற வேண்டும். மற்ற எல்லாப் பாஸ்வேர்டுகளையும் அதன் வழியாகத்தான் மாற்ற முடியும் என்பதால் அதற்கே முதலிடம். எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேறு என்ற கட்டளையைக் கொடுக்க வேண்டும். திருடுபோன டோக்கன் அப்போதுதான் செல்லாமல் போகும். வங்கிக்குச் சொல்ல வேண்டும். பணம் போயிருந்தால் 1930 என்ற தேசிய சைபர் குற்ற உதவி எண்ணை உடனே அழைக்க வேண்டும். பணம் கைமாறிப் போவதற்குள் நிறுத்த முடிவது ஆரம்ப மணி நேரங்களில்தான்.

அந்த மணி நேரங்கள் எப்படி வீணாகின்றன தெரியுமா? பிள்ளை எதையோ கிளிக் செய்துவிட்டான். அவனுக்கு உறைத்துவிட்டது. அப்பா திட்டுவாரே என்று வாயைத் திறக்கவில்லை. இரண்டு நாள் கழித்து வங்கியிலிருந்து செய்தி வரும்போதுதான் வீட்டுக்கே தெரிகிறது. திருடனுக்குக் கிடைத்த அந்த இரண்டு நாளை நம் கோபம்தான் கொடுத்தது. ஆகவே தனி அக்கவுண்டு போட்டுக் கொடுக்கும் அன்றைக்கே, "எது நடந்தாலும் அடுத்த நிமிஷம் என்கிட்ட வந்து சொல்லு, திட்டமாட்டேன்" என்றும் சொல்லிவிடுங்கள். சொன்னபடி நடந்துகொள்ளவும் வேண்டும், அதுதான் கஷ்டம்!

தம்பி தங்கைகளே, இன்று ஊருக்குப் போகிறவர்கள் வீட்டுக் கம்ப்யூட்டரில் ஒரு தனி அக்கவுண்டு போட்டுவிட்டு வாருங்கள். பத்து நிமிட வேலை. பின்வரிசையில் லேப்டாப்போடு இருக்கும் அந்த இருவரும் உணவு இடைவேளையில் செய்து காட்டத் தயாராக இருக்கிறார்கள். மூத்தவர்களும் கூச்சப்படாமல் போய்க் கேளுங்கள்.